காசிநாதரின் முறை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி உம்மு குல்சும் சொல்வாள். அது பொய். மூக்கில் வந்து நின்று யோசிக்க என் கோபத்துக்கு நேரம் இருந்ததில்லை. நேரே வாய்க்கு வந்துவிடும். ஊர்ச் சனத்தோடு மல்லுக்கட்டும் கிராமசேவகர் உத்தியோகத்துக்கு இது நல்ல குணம் அல்ல. ஆனால் சாம்பல்தீவில் என்னைக் கிராமசேவகர் என்று யாரும் கூப்பிடவும் இல்லை. அரசாங்கம் பதவியின் பெயரை மாற்றிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த ஊருக்கு நான் விதானையார்தான். கிண்ணியாவிலிருந்து வந்த சரீப் விதானையார்.

அந்த வருஷம் ஆடி மாதம் திருகோணமலைக் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்திலிருந்து, ஒரு சுற்றுநிருபம் வந்தது. தன் உயிரைப் பாராமல் பிறர் உயிரைக் காத்த பொதுமக்களுக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் பெயரை அனுப்ப வேண்டும். நேரில் கண்ட இருவர் சாட்சி சொல்லி ஒப்பமிட வேண்டும். உறவினர் சாட்சி செல்லாது. வழக்கமாகச் சுற்றுநிருபம் என்றாலே எனக்கு எரிச்சல். கட்டாக்காலி மாடு எத்தனை, வெங்காயம் எத்தனை ஏக்கர் என்று கேட்டு உயிரை வாங்குவார்கள். இதை வாசித்தபோது மட்டும் மனம் குளிர்ந்தது. என் பிரிவில் அப்படி ஒரு ஆள் இருந்தது. ஊரே பார்த்த விஷயம், சாட்சிக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

நடந்தது வைகாசியில். இறக்கக்கண்டியைச் சேர்ந்த சித்தி பரீதா என்ற பெண், இரண்டு பிள்ளைகளோடு தம்பியின் சின்ன வள்ளத்தில் திருகோணமலைக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளை தண்ணீர் கேட்டு அழுததால் சாம்பல்தீவுக் கரைக்குக் கிட்ட வந்தார்கள். அலை எழும்பும் இடத்தில் வள்ளம் கவிழ்ந்தது. தம்பி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டான். தாயும் பிள்ளைகளும் தண்ணீரில்.

அந்த நேரம் கரையில் வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கரைவலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வலையைக் கடலுக்குள் பிறை போல வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். தாயும் பிள்ளைகளும் விழுந்தது சரியாக அந்த வளைவுக்குள். இழுத்தவர்கள் கயிற்றை விடவில்லை. விட்டிருந்தால் வலை சுருண்டு அந்த மூன்று பேரையுமே மூடியிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். அது உண்மையாக இருக்கலாம். மீன் சேரும் பையான மடி கரையேறும் வரை கயிற்றை விடக்கூடாது என்ற பழக்கமாகவும் இருக்கலாம். இரண்டிலும் கொஞ்சம் இருந்திருக்கும்.

மீன் வாங்கிக் கருவாடு போடும் பெண்கள் மேலே மணலில் ஓலைக் கடகங்களோடு இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து ஓடினாள். ராசமலர். கயிறு இழுத்துக்கொண்டிருந்த தம்பிராசாவின் மனைவி. இழுபடும் கயிறு அவளுடைய வழியில் குறுக்கே கிடந்தது. அந்தக் கரையில் பெண்கள் கயிற்றைத் தாண்ட மாட்டார்கள். இழுத்து முடிந்த வால் கயிறு சுருட்டி வைத்திருக்கும் இடத்தைச் சுற்றித்தான் போவார்கள். தாண்டினால் கடல் மீன் தராது என்பது அவர்கள் நம்பிக்கை. ராசமலர் தாண்டினாள். தாண்டிக் கடலுக்குள் போனாள்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா, தங்கச்சி?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது. கால் நிலத்தில தட்டுற மட்டும் போனனான். பிறகு தட்டேல்ல. அதுக்குப் பிறகும் போனனான்."

இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையால் அணைத்தாள். தாய்க்காரி இவளுடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள். வலையின் மிதப்புக் கட்டைகள் இவள் முதுகில் வந்து முட்டின. சாய்ந்துகொண்டாள். ஆண்கள் இழுத்தார்கள். வலை நாலு பேரையும் கரைக்குக் கொண்டுவந்து விட்டது. மடிக்குள் ஒரு மீன் இல்லை.

அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள், சிரித்தார்கள், பரீதாவின் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த கிழமையும் மீன் இல்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. அப்போதுதான் அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. ராசமலரை யாரும் ஏசவில்லை, விரட்டவில்லை. அது அவர்கள் சுபாவம் இல்லை. அவள் கடகத்தோடு கரைக்கு வந்தால் கயிற்றை நிலத்தில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் திரும்பிப் போகும் வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்று தரம் அப்படி நடந்தது. நாலாம் தரம் அவள் வரவில்லை.

சுற்றுநிருபத்தின் கதை ஊரில் பரவியதும் அவள் என் வீட்டுக்கு வந்தாள். விறாந்தையில் இருந்த கதிரையைக் காட்டினேன், இருக்காமல் நின்றாள்.

"பேர் அனுப்பப் போறீங்களாம், விதானையார்?"

"ஓம்."

"என்ர பேரை எழுதுங்கோ."

அடக்கம், நாணம் என்று ஒன்றும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "வேற யாரை எழுதுவன்?" என்றேன்.

"எனக்கு மெடல் மட்டும் இல்லை, கரை வேணும். வீட்டில கடகம் சும்மா கிடக்குது. கவுண்மெண்டே என்னைத் துணிஞ்சவள் எண்டு மேடையில ஏத்தினா, இவையள் என்னைக் கண்டு கயிறைக் கீழ வைப்பினமோ?"

"வைக்க மாட்டினம்," என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

பரீதா இறக்கக்கண்டியில் உடனே ஒப்பமிட்டுத் தந்தாள். "அந்த மனிசியிட மயிரை நான் பிச்சுப்போட்டன், தலை நொந்திருக்கும், ஒண்டும் சொல்லேல்ல" என்று அழுதாள். ஒரு சாட்சி ஆயிற்று. கவிழ்ந்த வள்ளத்தின் மறுபக்கம் தொங்கிய தம்பி ஒன்றும் காணவில்லை; மற்றச் சாட்சி கரையில் நின்றவராக இருக்க வேண்டும். கரைக்குப் போனேன். வாடிக் கொட்டிலின் நிழலில் இழுவைக்காரர்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"அண்டைக்கு அந்தப் பிள்ளையளைக் காப்பாத்தினது ஆர்?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"காசிநாதர்," என்றான் ஒருவன்.

"காசிநாதர்தான்," என்றான் அடுத்தவன்.

காசிநாதர் அந்த வலையின் சொந்தக்காரர், சம்மாட்டி. நல்ல மனிதர். ஆனால் வைகாசியில் அந்த மனிதர் வயிற்றில் ஒப்பரேசன் செய்து திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனவன் நான், தோடம்பழத்தோடு.

தம்பிராசாவைத் தனியே கூட்டிக்கொண்டு போனேன். "டேய், பாஞ்சது உன்ர மனிசி. நீ கண்ணால கண்டனி."

"ஓம், கண்டனான்."

"பிறகென்ன காசிநாதர்?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பாஞ்சது அவள்தான், விதானையார். ஆனா முறை காசிநாதற்ர."

இதை விளக்கவேண்டும். அந்தக் கரையில் வலைச் சம்மாட்டிகள் பலர். வலை போடும் இடம் ஒன்று. ஆளுக்கு ஒரு நாள் முறை. அவனவன் முறையில் கடல் தருவது அவனவனுக்கு. ஆள் கரையில் நின்றாலும் ஒன்று, படுக்கையில் கிடந்தாலும் ஒன்று. எனக்கு முன்னைய விதானையாரின் காலத்தில் ஒரு சம்மாட்டி தன் முறை நாளில் மத்தியானம் செத்துப்போனாராம். பின்னேரம் வலையில் பாரை மீன் குவிந்தது. ஒரு மீன் குறையாமல் செத்தவீட்டு முற்றத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்பேர்ப்பட்ட நேர்மை. பரீதாவும் பிள்ளைகளும் காசிநாதரின் முறையில், காசிநாதரின் வலையில் கரையேறியவர்கள். ஆகவே அவர்களைக் கரையேற்றியது காசிநாதர். அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்கள்.

நேர்மையான மனிதர்களோடு சண்டை பிடிப்பது போல் கஷ்டம் உலகத்தில் இல்லை. கள்ளன் என்றால் எப்படியும் ஒரு இடத்தில் தடுமாறுவான்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் காசிநாதர் கரைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒப்பரேசனுக்குப் பிறகு இளைத்திருந்தார். வள்ளத்தின் விளிம்பில் இருந்து எழும்பி எனக்கு இடம் விட்டார். சுற்றிவர இழுவைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"எனக்கு மெடல் ஆசை இல்லை, விதானையார்," என்றார் அமைதியாக. "நான் அண்டைக்கு ஆஸ்பத்திரியில. கேட்டா அப்படித்தான் சொல்லுவன். ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கு. அதை நான் மாத்த ஏலாது. இண்டைக்கு இதுக்கு மாத்தினா, நாளைக்கு மீனுக்கும் மாத்த வேணும். பிறகு கரையில வெட்டுக்குத்துத்தான்."

"அப்ப ராசமலர்?"

"நல்ல பிள்ளை. ஆனா கயிறு கடந்திட்டாள். என்ன செய்யிறது?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலைக் கண்டதும் எனக்கு வழக்கமாக வருவது வந்தது.

"அதென்ன நியாயம்?" என்று கத்தினேன். "காப்பாத்தினது உங்கட முறையில எண்டா உங்களுக்கு. கயிறு கடந்தது மட்டும் அவளுக்கோ? அதுவும் உங்கட முறையிலதானே நடந்தது! வரவு வந்தா சம்மாட்டிக்கு, பழி வந்தா கருவாட்டுக்காரிக்கோ? முறை உங்கட எண்டா குற்றமும் உங்கட!"

கத்திய பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் கோபப்படவில்லை. தம்பிராசா வாயைத் திறந்தபடி நின்றான். ஊரைப் பகைத்துவிட்டேன், இனி இடமாற்றம் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"விதானையார் சொல்லுறது சரி," என்றார் காசிநாதர். "இதை நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்ல. என்ர முறையில கயிறு கடந்தா, கடந்தது நான்தான்."

அந்த மனிதர் சொன்னதைச் செய்தார். வெள்ளிக்கிழமை கடற்கரை அம்மன் கோயிலில் தன் செலவில் பொங்கல் வைத்தார். கயிறு முழுவதையும் மஞ்சள் தண்ணீரில் கழுவுவித்தார். குற்றத்துக்குத் தண்டமாகத் தன் அடுத்த முறையை விட்டுக்கொடுத்தார். கடல் மீன் தரத் தொடங்கியிருந்த நேரம் அது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து தம்பிராசாவின் வேலிப் படலைக்குப் போய், "பிள்ளை, நாளைக்குக் கரைக்கு வா," என்று ராசமலரைக் கூப்பிட்டார்.

அவள் போனாள். ஒருவரும் கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். என் வாயால் கெட்ட காரியங்கள் பல. ஒன்றாவது நல்லபடி முடிந்ததே. கருவாட்டுக்காரிகளில் ஒருத்தியான அன்னப்பிள்ளை, இனிப் பயம் இல்லை என்று கண்டு, தானாகவே வந்து சாட்சி ஒப்பமிட்டாள். நான் நல்ல பேனையாக எடுத்து, கையெழுத்தை ஒழுங்காக்கி, ராசமலர் செய்ததை முழுதாக எழுதினேன். 'நீந்தத் தெரியாதவராயிருந்தும்' என்று எழுதிய இடத்தில் கண் கலங்கியது. ஒளிப்பானேன்.

"மேடைக்குப் போக அந்தப் பிள்ளைக்கு நல்ல சாறி இருக்கோ தெரியாது," என்று உம்மு குல்சும் அலுமாரியைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நாள் ராசமலர் வந்தாள். உடம்பில் மீன் மணம். இந்தத் தரம் கதிரையில் இருந்தாள்.

"என்ர பேரை அனுப்பிப்போட்டீங்களோ?"

"இண்டைக்குத் தபாலில போகுது."

"அனுப்பாதேங்கோ."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"என்ர மனிசன் வந்து சொன்னவர். கரையில கதைக்கினமாம். பாஞ்சது ராசமலர் எண்டு கச்சேரிக்குப் போனா, அண்டைக்கு நடந்த வேலை காசிநாதற்ர இல்லை, அவளின்ர. அப்ப கயிறு கடந்ததும் அவளின்ரதான், காசிநாதர் செய்த பொங்கல் செல்லாது எண்டு. ஒருத்தரும் கோவமாச் சொல்லேல்லயாம். கணக்குப் பாத்துச் சொல்லுகினம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னை மட்டும் கெடுத்தது. நான் அந்தக் கரையில் சத்தம் போட்டு நாட்டிவிட்டு வந்த நியாயம் இப்போது என் விறாந்தையில் வந்து நின்றது. முறையில் வரவும் பழியும் ஒன்றாகத்தான் போகும் என்று சொன்னவன் நான்தானே. அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இனிப் பிரிக்க ஏலாது.

"விசர்க்கதை!" என்றேன். "நீங்கள் செய்தது உலகத்துக்குத் தெரிய வேண்டாமோ? உங்களுக்கு விருப்பமில்லையோ?"

"விருப்பம்," என்றாள் ராசமலர். "ஏன் விருப்பமில்லை? என்ர பிள்ளையள் பாக்க மேடையில ஏறோணும், பேரைச் சொல்லிக் கூப்பிடோணும் எண்டு ராவெல்லாம் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். உங்களிட்ட வாய்விட்டுக் கேட்டதும் நான்தானே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா மெடலுக்கு உப்புப் போட்டுக் காயவைக்க ஏலுமோ, விதானையார்? எனக்குக் கரை வேணும்."

உள்ளே அலுமாரிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. உம்மு குல்சும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"காசிநாதற்ர பேரை நான் அனுப்ப ஏலாது," என்றேன். "ஆஸ்பத்திரியில கிடந்த மனிசன். பொய் எழுத மாட்டன்."

"அவரும் வேண்டாம் எண்டுதான் சொல்லுறார். ஒருத்தரையும் அனுப்பாதேங்கோ."

"பதில் அனுப்பாமல் விட ஏலாது. ஒருத்தரும் இல்லையெண்டா இல்லையெண்டு எழுதோணும்."

"அப்ப இல்லையெண்டு எழுதுங்கோ."

நான் எழுதியதை எடுத்தேன். அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை; அவளிடமே கொடுத்தேன். அவள் அதை ஒருதரம் முழுதாக வாசித்தாள். உதடு அசைந்தது. பிறகு நாலாக மடித்துக் கிழித்து, துண்டுகளைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டாள். நான் வேறு தாள் எடுத்து, என் பிரிவில் அத்தகைய துணிகரச் செயல் புரிந்த பொதுமக்கள் எவரும் இல்லை என்று எழுதி ஒப்பமிட்டேன். என் உத்தியோக காலத்தில் அவ்வளவு கைவலித்து நான் ஒன்றும் எழுதியதில்லை. அவள் போன பிறகு வெகுநேரம் யாரையோ ஏச வேண்டும் போல இருந்தது. ஏச ஆள் அகப்படவில்லை.

ஒரு கிழமை கழித்து, விதானைமாருக்கெல்லாம் மேலதிகாரியான காரியாதிகாரியின் கந்தோரில் கூட்டம். தம்பலகாமத்து விதானையார், யானைக்கு முன்னால் உழவு இயந்திரத்தை விட்டு நாலு பேரைக் காப்பாற்றிய ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தார். நல்ல தெரிவு. காரியாதிகாரி என் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சரீப், கடற்கரைப் பிரிவு. ஒரு துணிஞ்ச ஆள்கூட இல்லையா?"

"இல்லை, சேர்," என்றேன். என்னைத் தெரிந்தவர்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை மேலதிகமாகப் பேசாமல் நான் இருந்த கூட்டம் அது ஒன்றுதான்.

பஸ்ஸில் இறங்கிக் கரை வழியாக நடந்து வந்தேன். வலை கரைக்குக் கிட்ட வந்திருந்தது. இரண்டு பக்கக் கயிறுகளையும் ஆண்கள் பாட்டோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். காசிநாதர் வள்ளத்தில் சாய்ந்து நின்றார். பெண்கள் கடகங்களோடு மேலே இருந்தார்கள், ராசமலர் நடுவில். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"விதானையார், கச்சேரிக்கு எழுதினது என்னாச்சு?" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த பதில்தான். ஏன் கேட்கிறாள் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நானும் குரலை உயர்த்தினேன்.

"சாம்பல்தீவில துணிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையெண்டு எழுதிக் குடுத்திட்டன்."

இழுத்தவர்களின் பாட்டு நின்றது. கயிறு மட்டும் கையில் இருந்தது. தம்பிராசா நிலத்தைப் பார்த்தான். காசிநாதர் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ராசமலர் அந்த இரண்டு வரிசை ஆண்களையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாகப் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள்," என்றாள். பிறகு கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வால் கயிறு சுருட்டியிருந்த இடத்தைச் சுற்றி நடந்து, மீன் வாங்கக் கீழே இறங்கினாள்.